விடியற்கால வயிற்றுப்போக்கும் சீன மருந்துப் பொட்டலமும்

கேள்வி: எனக்கு வயது 61. சிங்கப்பூரின் யீஷூனில் மனைவியுடன் வசிக்கிறேன். 16 ஆண்டுகளாக நீரிழிவு. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம், அத்துடன் கிளிக்லசைடு, ரத்த அழுத்தத்துக்கு லோசார்ட்டான். சென்ற ஆண்டிலிருந்து எம்பாகிளிஃப்ளோசினும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை இல்லாத மிட்டாயைத் தவிர வேறு இனிப்பைத் தொடுவதில்லை. ஐந்து மாதங்களாக, பெரும்பாலும் விடியற்காலை 3 அல்லது 4 மணிக்கு, வலி ஏதுமின்றித் தண்ணீராக வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. சில நாள்களில் எழுந்திருப்பதற்குள் படுக்கையிலேயே ஆகிவிடுகிறது. ஒரு வாரம் இப்படி இருந்தால் அடுத்த சில நாள்கள் மலச்சிக்கல். எடை 4 கிலோ குறைந்துள்ளது. எதிர்வீட்டுச் சீன அம்மையார் தமக்குப் பழக்கமான சீன மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவர் நாடி பார்த்து, சிறுநீரகம் குளிர்ந்துவிட்டது என்று கூறி, ‘சி ஷென் வான்’ என்ற உருண்டைகளைத் தந்தார். காலில் மூலிகைச் சூடு வைக்கலாம் என்றும் சொன்னார். அந்த அம்மையார் தம் பங்குக்கு, மிகவும் கசக்கும் மஞ்சள் தூள் ஒரு பொட்டலம் கொடுத்தார். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) இவை எதையும் நான் சொல்லவில்லை. சீன மருந்தைச் சாப்பிடலாமா? அதற்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பதில்: படுக்கையிலேயே ஆகிவிடுகிறது என்று எழுதுவதற்குத் தாங்கள் எவ்வளவு தயங்கியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். நீண்டகால நீரிழிவு உள்ளவர்கள் இதை என்னிடம் சொல்வது பெரும்பாலும் எல்லாப் பேச்சும் முடிந்து விடைபெற்று எழும் நேரத்தில்தான். நோயைக் கண்டறிய எங்களுக்கு மிகவும் உதவுவதும் அந்தக் கடைசி வாக்கியம்தான். சாதாரண குடல் எரிச்சல் நோய் உறக்கத்திலிருந்து எழுப்புவதில்லை. உறங்குபவரை எழுப்பும் வயிற்றுப்போக்கு என்றால், அதற்கு உடலில் ஒரு காரணம் உண்டு, அதைத் தேட வேண்டும் என்பது எங்கள் துறையின் பாலபாடம்.

ஆகவே முதலில் தங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரைகளைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். காரணம் தெரியும் வரை சீன மருந்தையும் தொடங்க வேண்டாம். சீன மருத்துவத்தின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. ஐந்து மாத வயிற்றுப்போக்கும் 4 கிலோ எடையிழப்பும் சேர்ந்திருக்கும் 61 வயதுக்காரருக்கு, எந்த மருந்து கொடுத்தும் அறிகுறியை அடக்கிவிட்டுக் காரணத்தைத் தவறவிடுவதுதான் பெரிய ஆபத்து. சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வருவது அதன் அறிகுறியாகவும் இருக்கலாம். எம்பாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுவதால் இரண்டு மூன்று கிலோ எடை குறைவது இயல்பு என்றாலும், 4 கிலோ முழுவதையும் அதன் கணக்கில் எழுதிவிட நான் துணியமாட்டேன். 50 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் மலப் பரிசோதனை, அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கானது. தங்களுக்குத் தேவைப்படுவது குடல் அகநோக்கிப் பரிசோதனை (கொலனோஸ்கோபி). அப்போது பெருங்குடலின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்குகளையும் எடுத்துப் பார்ப்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை அழற்சி அந்தத் துணுக்குகளில்தான் பிடிபடும்.

புற்றுநோய் என்ற சொல்லைக் கண்டு இரவுத் தூக்கத்தை மேலும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தங்கள் கடிதத்தை வைத்துப் பார்க்கும்போது அதைவிடச் சாத்தியமான காரணங்கள் வேறு சில இருக்கின்றன. அவற்றுள் முதலாவது தங்கள் மாத்திரைப் பெட்டியிலேயே உள்ளது. மெட்ஃபார்மின் தொடங்கிய புதிதில் வயிற்றைக் கலக்கும் என்பது பலருக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றி உண்டவர்களுக்கும் அது திடீரென வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. ‘இத்தனை வருடமாக ஒத்துக்கொண்ட மாத்திரைதானே’ என்று நோயாளியும் மருத்துவரும் அதைச் சந்தேகிக்காமல் விட்டுவிடுவதால், தேவையற்ற பரிசோதனைகள் பல நடப்பதுண்டு. மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு வாரம் அதை நிறுத்திப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அந்த இரண்டு வாரத்தில் சர்க்கரை ஏறாதிருக்க மாற்று ஏற்பாடு தேவை என்பதால்தான் தாங்களாக நிறுத்த வேண்டாம் என்றேன். மெட்ஃபார்மின்தான் காரணம் என்றானால், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதோ அளவைக் குறைப்பதோ பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

இன்னொன்று, தாங்கள் பெருமையோடு குறிப்பிட்ட சர்க்கரை இல்லாத மிட்டாய். அதில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சார்பிட்டால், மால்ட்டிட்டால் போன்றவற்றைச் சிறுகுடல் முழுமையாக உறிஞ்சுவதில்லை. எஞ்சியது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு மிட்டாய் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே இரவில் அரைப் பொட்டலத்தைத் தீர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து நாள்களுக்கு அதை அறவே விட்டுப் பாருங்கள். இதற்கு எந்த மருத்துவரின் அனுமதியும் தேவையில்லை.

இவை இரண்டும் இல்லையென்றால்தான் ‘நீரிழிவு வயிற்றுப்போக்கு’ என்ற முடிவுக்கு வர வேண்டும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் 1936ஆம் ஆண்டிலேயே இதை விவரித்திருக்கிறார்கள்: நெடுநாள் நீரிழிவு, இரவில் வலியின்றித் தண்ணீராகப் போவது, சில நாள் கடுமையாக இருந்து தானே அடங்கி மலச்சிக்கலாக மாறுவது, கட்டுப்படுத்த முடியாமல் கசிவது. தங்கள் கடிதத்தோடு இந்தச் சித்திரம் நன்றாகவே பொருந்துகிறது. நாம் நினைக்காமலே இதயத்தையும் குடலையும் வியர்வையையும் இயக்கும் தன்னியக்க நரம்புகள், ஆண்டுக்கணக்கான உயர் சர்க்கரையால் பழுதுபடுகின்றன. குடலிலிருந்து நீரை உறிஞ்சச் சொல்லும் கட்டளை பலவீனமாகிறது. குடலின் அசைவும் ஒழுங்கு கெடுகிறது. அசைவு மந்தமான இடத்தில் பாக்டீரியாக்கள் அளவுக்கு மீறிப் பெருகி அவையும் வயிற்றுப்போக்கைத் தூண்டுகின்றன. பகலில் விழிப்போடு அடக்கிவைக்கும் குதத் தசை, உறக்கத்தில் கைவிட்டுவிடுகிறது. எழுந்து நின்றால் தலைசுற்றல், உண்டவுடன் வயிறு நிரம்பிவிட்ட உணர்வு, பாதம் வியர்க்காமல் வறண்டு கிடப்பது, தாம்பத்தியத்தில் இயலாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவை எல்லாம் அதே நரம்புகளின் புகார்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் உண்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் நரம்பைக் கெடுக்கும் என்பதால் அதையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து கடும் நாற்றம் வீசினால் கணைய நொதிக் குறைவையும், பித்தப்பை அகற்றப்பட்டிருந்தால் பித்தநீர் பெருங்குடலுக்குள் வழிவதையும், படபடப்பு இருந்தால் தைராய்டு மிகைச் சுரப்பையும் சந்தேகிப்போம். தங்கள் கடிதத்தில் அவற்றுக்கான தடயம் இல்லை என்றாலும் தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது எளிது.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. பாக்டீரியாப் பெருக்கம் என்றால் குடலுக்குள்ளேயே வேலை செய்யும் ரிஃபாக்சிமின் போன்ற மருந்து குறுகிய காலத்துக்குத் தரப்படும். நரம்புப் பழுதே காரணம் என்றால் படுக்கைக்கு முன் லோப்பிரமைடு 2 மில்லிகிராம் ஒன்று பலருக்கு இரவைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆயினும் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது அதை உண்ணக் கூடாது; மலச்சிக்கல் வரும் நாள்களில் நிறுத்திவிட வேண்டும். அது போதாதவர்களுக்குக் குளோனிடின், ஆக்ட்ரியோடைடு என்று சிறப்பு மருத்துவர் கையாளும் மருந்துகள் உண்டு. குளோனிடின் ரத்த அழுத்தத்தையும் இறக்குவதால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றுபவர்களுக்கு நான் அதைத் தருவதில்லை.

இனி தங்கள் முதல் கேள்வி. அந்தச் சீன மருத்துவர் தங்களை ஏமாற்றவில்லை; தம் மரபின்படி சரியாகவே பேசியிருக்கிறார். சீன மருத்துவத்தில் ‘ஐந்தாம் சாமத்து வயிற்றுப்போக்கு’ என்றே ஒரு நோய்ப் பெயர் உண்டு. இரவை ஐந்து சாமங்களாகப் பிரித்த அவர்கள் கணக்கில் ஐந்தாவது சாமம் அதிகாலை 3 மணி முதல் 5 மணி வரை. நம் இலக்கணம் வைகறை என்று வகுத்த 2 மணி முதல் 6 மணி வரையிலான பொழுதின் நட்டநடு அது. உடலின் ஆதார வெப்பம் ‘சிறுநீரகத்தில்’ இருக்கிறது, அது தணிந்தால் குளிர் மிகுந்த அந்த நேரத்தில் செரிமானம் தாங்காது என்பது அவர்கள் விளக்கம். அவர்கள் அந்தப் பெயரால் சுட்டுவது உடலின் ஓர் ஆற்றலை; ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளந்து நாங்கள் கவலைப்படும் உறுப்பை அன்று. ‘சிறுநீரகம் குளிர்ந்துவிட்டது’ என்பதைக் கேட்டு டயாலிசிஸ் வரை கற்பனை செய்துவிடாதீர்கள். அதே வேளையில் உண்மையான சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை அந்த நாடிப் பரிசோதனை சொல்லிவிட்டதாகவும் கருதிவிடாதீர்கள்.

சி ஷென் வான் என்ற பெயருக்கு ‘நான்கு தெய்வ உருண்டை’ என்று பொருள் கொள்ளலாம். அதன் நான்கு சரக்குகளில் இரண்டு நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவை. ஒன்று சாதிக்காய், குழந்தைக்கு வயிறு கழிந்தால் நம் பாட்டிமார் கல்லில் இழைத்துக் கொடுத்த அதே சாதிக்காய். மற்றொன்று கார்போகரிசி, நாம் பெரும்பாலும் தோல் நோய்க்கும் குளியல் பொடிக்கும் பயன்படுத்துவது. எனக்குத் தயக்கம் தருவது இந்தக் கார்போகரிசிதான். இதை உள்ளுக்கு உண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலை வெயிலுக்கு எளிதில் கருகச் செய்யும். கல்லீரல் பரிசோதனை செய்யாமல், எத்தனை வாரம் என்ற வரையறையும் இல்லாமல் இதை உண்பதை நான் ஏற்கமாட்டேன்.

மஞ்சள் பொட்டலத்தின் கதை வேறு. நிறத்தையும் கசப்பையும் வைத்து அது ஹுவாங் லியென் என்ற வேரின் தூளாக இருக்கலாம் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் பெயர் எழுதாத பொட்டலத்தை ஊகத்தின் பேரில் உண்ணக் கூடாது. அந்த வேரின் கசப்புக்குக் காரணமான பெர்பெரின், நம் சித்த மருத்துவத்தின் மரமஞ்சளிலும் இருக்கிறது. சீனாவில் பெர்பெரின் மாத்திரையை வயிற்றுப்போக்குக்கு நெடுங்காலமாக விற்று வருகிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்தபோது சர்க்கரையும் இறங்கியதைக் கண்டு, 1988இல் 60 நோயாளிகளிடம் ஆராய்ந்து வெளியிட்டார்கள். வயிற்றுக்கென்று தேடிய மருந்து சர்க்கரைக்கும் உதவியது என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. தங்களைப் பொறுத்தவரை அதுவே சிக்கலும் ஆகும். கிளிக்லசைடு கணையத்தை உந்தி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. வயிற்றுப்போக்கால் சரியாக உண்ணாத நாளில் அதன் மேல் பெர்பெரினும் சேர்ந்தால், விடியற்காலையில் தங்களை எழுப்புவது வயிறாக இல்லாமல் தாழ்சர்க்கரையாக இருக்கலாம். பெர்பெரின் பல மாத்திரைகளைக் கல்லீரல் கையாளும் வேகத்தையும் மாற்றுகிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலையைக் கடுமையாக்கும் என்ற அச்சத்தால் சிங்கப்பூரில் 1978 முதல் பெர்பெரின் தடைசெய்யப்பட்டிருந்து, 2013இல்தான் ஹுவாங் லியெனுக்குத் தடை நீங்கியது. பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் அந்தப் பொட்டலம் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாம்.

‘மூலிகைதானே’ என்ற சொல் எனக்கு எப்போதும் கலக்கம் தருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சீனாவில் நீரிழிவுக்கு முறைப்படி அனுமதி பெற்று விற்கப்படும் சியாவ் கெ வான் என்ற உருண்டையில் மூலிகைகளோடு, சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மருந்தும் கலந்திருக்கிறது. பத்து உருண்டைக்கு 2.5 மில்லிகிராம். அது பெட்டியில் அச்சிடப்பட்டே இருந்தாலும், சீன எழுத்து வாசிக்கத் தெரியாத நமக்கு அதனால் என்ன பயன்? சொல்லாமல் கலப்பவர்கள் செய்வது இன்னும் கொடுமை. 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் கடும் தாழ்சர்க்கரையோடு சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள், நால்வர் இறந்தார்கள். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மருந்துகளில் அதே கிளிபென்கிளமைடு கலந்திருந்தது பிறகு தெரியவந்தது. சீனக் கூட்டு மருந்துகள் பலவற்றில் சேரும் அதிமதுரமும் தங்களுக்குக் கவனம் தேவைப்படுவது: நெடுநாள் உண்டால் அது உடலின் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். வயிற்றுப்போக்கிலும் பொட்டாசியம் வெளியேறுகிறது.

மூலிகைச் சூட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறேன்: காலில் வேண்டாம். உணர்ச்சி மங்கிய பாதத்தில் எரியும் மூலிகைத் திரியைப் பிடித்தால், கொப்புளம் வெடிக்கும் வரை தங்களுக்குத் தெரியாது. நீரிழிவுப் புண் ஆறுவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் சீன மருத்துவமே வேண்டாம் என்கிறேனா என்றால், இல்லை. நீரிழிவு வயிற்றுப்போக்குக்குச் சீன மருந்துகள் பலனளித்ததாகக் கூறும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை சிறியவை. யாருக்கு எந்த மருந்து என்பதை மறைத்து நடத்தப்படாதவை. ஆகவே அவற்றை நம்பி வழக்கமான சிகிச்சையைக் கைவிட முடியாது. பரிசோதனைகள் முடிந்து, ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று உறுதியான பின், தாங்கள் விரும்பினால் பதிவுபெற்ற சீன மருத்துவரிடம் செல்லலாம். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டின் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு உள்ளதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தங்கள் எல்லா மாத்திரைகளின் பட்டியலை அவரிடமும், அவர் தரும் சரக்குகளின் பெயர்ப் பட்டியலைப் பலதுறை மருந்தக மருத்துவரிடமும் கொடுங்கள். தேன் சேர்த்து உருட்டியதா என்றும் கேளுங்கள். நீரிழிவுக்காரருக்குத் தேனும் சர்க்கரைதான்.

இதற்கிடையே போக்கு கடுமையாகும் நாள்களில், வாந்தி, காய்ச்சல் வரும் நாள்களிலும்தான், செய்ய வேண்டியதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக நாங்கள் சொல்வது இது. உடல் நீரை இழக்கும்போது லோசார்ட்டானும் மெட்ஃபார்மினும் எம்பாகிளிஃப்ளோசினும் தற்காலிகமாக நிறுத்தப்பட வேண்டும். வழக்கம்போல் உண்டு, பருகத் தொடங்கி ஓரிரு நாள் கழித்து அவற்றை மீண்டும் தொடங்கலாம். நீர் வறண்ட நிலையில் முதலாவது சிறுநீரகத்தைத் தாக்கும். இரண்டாவது அந்நிலையில் உடலில் தேங்கி ரத்தத்தை அமிலமாக்கும். மூன்றாவது, சர்க்கரை அளவு அதிகமாகத் தோன்றாதபோதே கீட்டோன் அமிலத்தைப் பெருக்கும். இந்தக் கடைசி ஆபத்து வஞ்சகமானது. சர்க்கரைமானியில் எண் நன்றாக இருக்கிறதே என்று வாந்தியையும் வயிற்று வலியையும் வேகமான மூச்சையும் புறக்கணித்துவிடுவார்கள். உணவு இறங்காவிட்டால் கிளிக்லசைடைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள்; லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலை வாசிக்கும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு சொல்: உண்ண முடியவில்லை என்பதற்காக நீண்டநேர இன்சுலினை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

‘சர்க்கரை உப்புக் கரைசலில் சர்க்கரை இருக்கிறதே’ என்று அதைக் குடிக்க அஞ்சுபவர்கள் பலர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உள்ளது. 200 மில்லிக் குவளைக்கு 3 கிராம்கூட இல்லை. ஒரு டின் இனிப்புச் சோடாவில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். குடல் சுவர் உப்பையும் குளுக்கோஸையும் ஒன்றாகவே உள்ளிழுப்பதால், அந்தச் சிறிதளவு சர்க்கரை இல்லாவிட்டால் உப்பும் நீரும் சரிவர உள்ளே போகா. ஆகவே தயங்காமல் குடியுங்கள். கஞ்சியைப் பொறுத்தவரை, நம் நொய்க் கஞ்சியானாலும் எதிர்வீட்டாரின் வெள்ளைக் கஞ்சியானாலும் சர்க்கரையை விரைவாக ஏற்றுபவைதான். நோயுற்ற நாளில் சிறு கிண்ணமாகக் குடிக்கத் தடையில்லை.

இந்த வாரத்திலேயே பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மலத்தில் ரத்தமோ கருமையோ தென்பட்டால், தலைசுற்றி விழுந்தால், சிறுநீர் குறைந்தால், முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதுவரை எத்தனை மணிக்கு, எத்தனை முறை, அன்றிரவு என்ன உண்டீர்கள், மிட்டாய் எத்தனை, மாத்திரை எப்போது என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். உருண்டைகளையும் மஞ்சள் பொட்டலத்தையும் எறிந்துவிட வேண்டாம். எல்லா மாத்திரை அட்டைகளோடும் ஒரே பையில் போட்டு மருத்துவரின் மேசை மீது கொட்டுங்கள். முடிந்தால் துணைவியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஐந்து மாதமாகப் படுக்கை விரிப்பைத் துவைத்து வருபவருக்குத் தங்கள் இரவுகளைப் பற்றித் தங்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.